உதவி ஆய்வாளர் பந்தோடு வந்தால் ஊர் என்ன கொடுக்க வேண்டும்?

குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு ஒருநாள் சாயங்காலம் காவல் உதவி ஆய்வாளர் ஒருவர் வந்தார். பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் விளையாட்டுப் பயிற்சி தொடங்கப் போகிறோம், அதற்கு ஊர் ஆதரவு வேண்டும் என்றார். பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் உடனே கேட்டார்: "எவ்வளவு எழுதணும் சார்?"

அவர் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. கோயில் கொடையோ, சர்ச் அசன விருந்தோ, கிளப் ஆண்டுவிழாவோ, ஆதரவு கேட்டு யார் வந்தாலும் பின்னாலேயே ரசீதுப் புத்தகமும் வருவதை அறுபது வருடமாகப் பார்த்தவர் அவர். அன்று வந்த உதவி ஆய்வாளரிடம் ரசீதுப் புத்தகம் இல்லை. பந்து வைக்க ஓர் அலமாரி, தினமும் ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை மைதானத்தில் நிற்க ஊரில் இரண்டு பேர், அவ்வளவுதான் கேட்டார். எங்களுக்கு அது புரியவே ஒரு வாரம் ஆனது.

பிள்ளைகளுக்காகப் போலீஸ் ஏதாவது செய்தால் நம் மாவட்டத்தில் அதைப் பற்றி நாலு விதமாகப் பேசுவார்கள். வசூல் என்பார்கள், பேப்பரில் படம் வரச் செய்வது என்பார்கள், ஊரில் உளவு பார்க்க ஆள் பிடிப்பது என்பார்கள், கெட்டுப்போன பிள்ளைகளுக்கான ஏற்பாடு என்பார்கள். இந்த நாலு பேச்சுக்கும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். ஆனால் 'போலீஸ் மக்கள் ஆதரவைத் திரட்டுவது' என்ற ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தப் பேச்சு எதுவும் சொல்வதில்லை. அதை முதலிலிருந்து பார்ப்போம்.

## கரைமடிக் கயிறு

கடற்கரை ஊர்களில் கரைமடி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை விரித்தபடி சுற்றி, மறுமுனையைக் கொஞ்சம் தள்ளிக் கரையில் கொண்டுவந்து சேர்க்கும். பிறகு இரண்டு முனையிலும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் இழுத்தால் வலை சாய்ந்து மீன் போய்விடும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ஒருவரே நின்று கரைமடியை இழுக்க முடியாது. இழுத்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு.

பிள்ளைகளுக்கான திட்டத்தில் போலீஸ் வள்ளம் மாதிரி. வலையை விரித்து, கயிற்றைக் கரை சேர்க்க அவர்களால் முடியும். பயிற்சியாளர் ஒருவரை அழைத்து வருவார்கள், பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசுவார்கள், மைதானத்தில் குடிக்க உட்காருபவர்களை எழுப்பி அனுப்புவார்கள். இழுக்க வேண்டியது கரையில் நிற்பவர்கள். 'ஆதரவு' என்ற சொல்லுக்கு இந்த இடத்தில் கயிற்றைப் பிடிக்கும் கைகள் என்று பொருள்.

## 'சமூகக் காவல்' என்பது என்ன?

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் உள்ள கொள்கைக்குச் சமூகக் காவல் என்று பெயர். குற்றம் நடந்த பிறகு வந்து பிடிப்பதோடு நிற்காமல், குற்றத்துக்கு வழிவிடும் சூழலை ஊராரோடு சேர்ந்து போலீஸ் மாற்றுவதுதான் அது. கருத்து பழையது. 1829-ல் ராபர்ட் பீல் லண்டனில் நவீன போலீசை உருவாக்கிய காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கருத்து ஒன்று உண்டு: போலீஸ் என்பது மக்களே, மக்கள் என்பது போலீசே.

நம் எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 2008-ல் ஜனமைத்ரி என்ற திட்டம் தொடங்கியது. ஒரு காவலருக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, அங்குள்ள வீடுகளையெல்லாம் அவர் நேரில் அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2010-ல் அதே மாநிலத்தில் மாணவர் போலீஸ் படை வந்தது. எட்டாம் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்த்து இரண்டு வருடம் பயிற்சி கொடுப்பார்கள். களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்கள் அந்தக் காக்கிச் சீருடைப் பிள்ளைகளைப் பாறசாலையில் பார்த்திருப்பார்கள். அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம், பள்ளியில் அதைப் பொறுப்பேற்று நடத்துவது அந்தப் பள்ளியின் ஆசிரியர்களே என்பது. 2018-ல் மத்திய அரசு அதை நாடு முழுவதற்குமான திட்டமாக அறிவித்தது.

தமிழ்நாட்டில் காவல் சிறார் மன்றங்கள் பல காலமாக இருக்கின்றன. காவல் நிலையத்தின் பொறுப்பில் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் விளையாட்டும் நடத்தும் இடம் அது. 1993-ல் ராமநாதபுரத்தில் காவல்துறை நண்பர்கள் என்ற தன்னார்வலர் அமைப்பும் தொடங்கியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த கொடுமைக்குப் பிறகு, அந்தத் தன்னார்வலர்களைப் பற்றியும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஜூலையில் அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது: ஊர்க்காரருக்குப் போலீஸ் அதிகாரத்தில் பங்கு கிடைப்பது போன்ற தோற்றம் வந்தால் அது ஆபத்து. பிள்ளைகளுக்காக மைதானத்தில் நிற்கும் ஊர்க்காரர் கையில் விசில் இருக்கலாம், லத்தி இருக்கக் கூடாது.

இதுவரை பார்த்தது: சமூகக் காவல் என்பது போலீசும் ஊரும் சேர்ந்து சூழலை மாற்றுவது. போலீசின் அதிகாரத்தை ஊரில் சிலருக்குப் பிரித்துக் கொடுப்பது அதில் சேராது.

## சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளைகளைப் பார்ப்பது போலீஸ் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தைதான். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக இருக்க வேண்டும். மாவட்ட அளவில் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஒருவர் தலைமையில் சிறப்புச் சிறார் காவல் பிரிவு இருக்க வேண்டும். அதில் இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவர் பெண். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு குழந்தையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. குழந்தையிடம் பேசும்போது கூடியவரை சீருடை இல்லாமல் பேச வேண்டும் என்கின்றன அந்தச் சட்டத்தின் விதிகள்.

உங்கள் நிலையத்தில் குழந்தைகள் நல அலுவலர் யார் என்று கேட்டுத் தெரிந்து வைத்திருங்கள். பெரும்பாலான ஊர்களில் அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

## பால்வெட்டும் நம்பிக்கையும்

இனி உள்ளே இருக்கும் இயக்கத்துக்கு வருவோம். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்னே வெட்டுகிறவர் கத்தியைப் பட்டையில் மெல்லியதாக ஓட்டுவார். சிரட்டையில் சொட்டுச் சொட்டாகப் பால் சேரும். அடுத்த முறை அதே கோட்டுக்குச் சற்றுக் கீழே இன்னொரு மெல்லிய சீவல். அவசரப்பட்டுக் கத்தியை ஆழமாக இறக்கினால் மரத்தில் படும். பட்ட இடம் ஆறினாலும் முண்டும் முடிச்சுமாகிவிடும். பிறகு அங்கே கத்தி ஓடாது.

போலீசுக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான நம்பிக்கையும் இப்படித்தான் ஊறுகிறது. ஒரு பையன் போலீசைச் சந்திக்கும் தருணங்களை எண்ணிப் பாருங்கள். ஹெல்மெட் இல்லாமல் பிடிபடும்போது, ஊர்த் திருவிழாவில் தள்ளப்படும்போது, அண்ணன் மேல் வழக்கு வந்து வீட்டுக்கு ஆள் வரும்போது. எல்லாம் ஆழமான வெட்டு. வழக்கு எதுவும் இல்லாத சாதாரணச் சந்திப்பு ஒன்றுகூட அவன் வாழ்க்கையில் இல்லை. வாரத்தில் மூன்று நாள் ஒரு காவலர் மைதான ஓரமாக வந்து நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டுப் போனால் அது மெல்லிய சீவல்.

வருடத்துக்கு ஒரு மாரத்தான் ஓட்டம் நடத்தி, டி-ஷர்ட் கொடுத்து, மேடை போட்டுப் பேசிவிட்டுப் போவதை நான் பெரிதாக நினைப்பதில்லை. ஒரே நாளில் ஒரு மரத்தின் பாலையெல்லாம் எடுத்துவிட முடியாது.

இதற்கு ஆராய்ச்சியில் ஒரு பெயர் உண்டு: நடைமுறை நேர்மை. முடிவு நமக்குச் சாதகமாக வந்ததா என்பதைவிட, நம்மை எப்படி நடத்தினார்கள் என்பதைக் கொண்டே ஒருவரை மதிக்கிறோம் என்பது அதன் பொருள். அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் 1980-களில் சிகாகோ நகர மக்களிடம் ஆய்வு செய்தார். தண்டனைக்குப் பயந்து சட்டத்துக்குக் கட்டுப்படுவதைவிட, அதிகாரிகள் நியாயமாக நடந்துகொள்கிறார்கள் என்ற எண்ணத்தால் கட்டுப்படுவதே வலுவானது என்று கண்டார். நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டாரா, எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினாரா, மரியாதையாகப் பேசினாரா, என் நன்மையை நினைத்தாரா என்ற நாலு கேள்விக்குள் அந்த நியாயம் அடங்கிவிடுகிறது. மைதானத்தில் இந்த நாலும் தினமும் சோதிக்கப்படும். அவுட் கொடுத்த அம்பயரிடம் பையன் சண்டைக்குப் போகும்போது பக்கத்தில் நிற்கும் காவலர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை இருபது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சுருக்கமாக: வழக்கில்லாத சிறுசிறு சந்திப்புகள் அடிக்கடி நடப்பதில்தான் நம்பிக்கை சேர்கிறது. நியாயமாக நடத்தப்பட்டோம் என்ற அனுபவம் அதைத் தாங்கி நிற்கிறது.

## நாலரையிலிருந்து ஏழரை வரை

இரண்டாவது இயக்கம் நேரம். பள்ளி விட்டதிலிருந்து வீட்டில் விளக்கு வைத்துப் படிக்க உட்காரும் வரை உள்ள மூன்று மணி நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?

நம் மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி தனியாக உறுத்தும். தூத்தூர் பக்கத்து ஊர்களில் அப்பாக்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்பப் பல வாரம் ஆகும். கல்குளம், விளவங்கோடு பக்கம் எத்தனையோ வீடுகளில் அப்பா வளைகுடா நாட்டில் இருக்கிறார், வீடியோ காலில்தான் முகம். அம்மா முந்திரி ஆலைக்கோ வேறு வேலைக்கோ போய் வருவாள். சாயங்காலம் வீட்டில் இருப்பது ஆச்சி மட்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் மாவட்டம் நம்முடையது, 90 விழுக்காட்டுக்கு மேல். படிப்பு இருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள்தான் இல்லை.

முன்பு தெருவே பார்த்துக்கொண்டது. வேறொருவர் வீட்டுப் பையன் பீடி பிடித்தாலும் கேட்க ஒரு பெரியப்பா, ஒரு சித்தி இருந்தார்கள். எந்தச் சட்டமும் அதிகாரமும் இல்லாமல் ஊரார் பிள்ளைகள் மேல் வைத்திருக்கும் இந்தக் கண்ணுக்கு முறைசாராக் கண்காணிப்பு என்று பெயர். மாலை நேரத் திட்டம் என்பது அந்தக் கண்ணைத் திரும்பத் திறப்பதுதான். அதனால்தான் அந்த உதவி ஆய்வாளர் பணம் கேட்காமல் இரண்டு பெரியவர்களைக் கேட்டார்.

இது வேலை செய்யும் என்பதற்கு நாட்டளவில் ஒரு சான்று ஐஸ்லாந்தில் உண்டு. 1998-ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையானவர்கள். 2016-ல் அது 5 விழுக்காடு ஆனது. தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23-லிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தார்கள். பிள்ளைகள் விளையாட்டிலும் இசையிலும் சேரத் தலைநகர நிர்வாகம் பணம் கொடுத்தது. பெற்றோர் இரவில் குழுவாகத் தெருவில் நடந்து வந்தார்கள். பிள்ளைகள் இரவில் எத்தனை மணி வரை வெளியே இருக்கலாம் என்பதற்குச் சட்டம் இருந்தது. சின்ன நாடு, வசதியான நாடு, அப்படியே எடுத்து இங்கே நட முடியாதுதான். ஆனால் பெற்றோர் நடந்து வந்ததற்குச் செலவு எதுவும் இல்லை.

## பேசித் திருத்துவதும் பயமுறுத்தித் திருத்துவதும்

வகுப்பறைக்குப் போலீஸ் வந்து போதைப்பொருளின் தீமைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் போதும் என்று பலர் நம்புகிறோம். 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் இதைப் பெரிய திட்டமாகவே தொடங்கியது. அது அமெரிக்கா முழுவதும் பரவியது. 1990-களில் வந்த ஆய்வுகள் பார்த்தபோது, அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கும் இல்லாதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் நிலைத்த வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பிறகு பாடத்திட்டத்தையே மாற்றினார்கள்.

இன்னொன்று, சிறைக்கு அழைத்துப் போய்க் கைதிகளைக் கொண்டு மிரட்டிப் பிள்ளைகளைத் திருத்துவது. அதன் விளைவை அளந்து பார்த்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மிரட்டப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாகத் தவறு செய்திருந்தார்கள். "ஸ்டேஷன்ல ரெண்டு மணி நேரம் உட்கார வையுங்க சார், பயம் வரும்" என்று மகனை இழுத்துக்கொண்டு போகும் அப்பாக்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பையனுக்கு அது ஆழமான வெட்டு.

கண்டிப்பு யாருக்கு என்பதில் குழப்பம் வேண்டாம். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. ஒரு குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு ஏழு வருடம் வரை கடுங்காவல் உண்டு. விற்பவரிடம் போலீஸ் போலீசாகவே இருக்கட்டும்.

## ஏன் காசு கேட்கக் கூடாது?

எங்கள் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அரசு ஊழியர்களுக்கும் காவலர்களுக்கும் உள்ள நடத்தை விதிகள், முன் அனுமதி இல்லாமல் நிதி திரட்டுவதைத் தடுக்கின்றன. காரணம் எளிது. கடைக்காரரிடம் ஊர் கிளப் வந்து நன்கொடை கேட்டால் அவர் இல்லை என்று சொல்லலாம். காக்கிச் சட்டை கேட்டால் அவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நாளை அவர் கடை வாசலில் வண்டி நிறுத்துவதில் பிரச்சினை வந்தால் யாரிடம் போவார்? மனம் விரும்பிக் கொடுத்தால்கூட, இனி அந்தக் கடைக்காரர் தப்புச் செய்தால் போலீஸ் கேட்காது என்று ஊர் பேசும்.

அதனால் பணம் வேண்டியிருந்தால் அது ஊர் மன்றத்தின் கணக்கில் வரட்டும், ஊர்க்காரர் கையெழுத்தில் செலவாகட்டும், படிப்பகப் பலகையில் வரவு செலவு ஒட்டப்படட்டும்.

## பேர் ஏறிவிடுமா?

பெற்றோர் வெளியே சொல்லாத பயம் இதுதான். போலீஸ் மன்றத்தில் பிள்ளை பெயரைக் கொடுத்தால் நாளைக்குப் பாஸ்போர்ட் விசாரணையில் வந்து நிற்குமோ? மகன் கப்பலுக்கோ துபாய்க்கோ போக வேண்டிய வீட்டில் இது சின்னப் பயம் இல்லை.

மன்றத்தின் வருகைப் பதிவேட்டுக்கும் வழக்குக்கும் தொடர்பில்லை. வழக்கில் சிக்கிய குழந்தையைக் கூடச் சட்டம் காக்கிறது. முடிந்துபோன வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவு. அந்தக் குழந்தையின் பெயரையும் படத்தையும் வெளியிடுவதையும் அதே பிரிவு தடுக்கிறது. ஆகவே, திருந்திய சிறுவர்கள் என்று மேடையில் நிறுத்திப் படம் எடுப்பது மனிதத்தன்மைக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் எதிரானது. எல்லாப் பிள்ளைகளும் வரும் மன்றமாக இருந்தால் யார் எதற்காக வந்தார்கள் என்ற கேள்வியே எழாது. கெட்டுப்போனவர்களுக்கு என்று முத்திரை குத்திய இடத்துக்கு எந்த அம்மாவும் பிள்ளையை அனுப்பமாட்டாள்.

## யாருடைய மைதானம்?

இது நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். இங்கே நல்ல மைதானம் என்றால் சர்ச் மைதானம், கோயில் திடல், பள்ளிவாசல் பக்கத்து இடம், பள்ளிக்கூட நிலம். 1982-ல் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரமும், அதில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதும், வேணுகோபால் ஆணையம் விசாரித்ததும் இன்னும் பெரியவர்கள் நினைவில் இருக்கிறது. அந்த நினைவோடுதான் ஒவ்வொரு ஊரும் காவலரைப் பார்க்கிறது, அவர் எந்தப் பக்கம் என்று.

எனவே ஒரே ஒரு வாசலில் போய் ஆதரவு கேட்டால் மற்ற வாசல்கள் மூடிக்கொள்ளும். பங்குப்பேரவை, ஊர்வகை நிர்வாகம், ஜமாஅத், அய்யாவழிக்காரர்களின் நிழல்தாங்கல், மகளிர் குழு என்று எல்லா இடத்துக்கும் அதே வாரத்தில் போக வேண்டும். ஆட்டக்குழுவைப் பிரிக்கும்போது தெருவாரியாகப் பிரிக்காமல் கலந்து பிரிக்க வேண்டும். சின்ன விஷயமாகத் தெரியும், எங்கள் ஊரில் முதல் மாதம் நடந்த பெரிய வாக்குவாதமே இதைப் பற்றித்தான்.

புதிதாக எதையும் தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மேற்குக் கடற்கரை ஊர்களில் கால்பந்து ரத்தத்தில் இருக்கிறது. இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் எனும் இந்திய சூப்பர் லீக் கால்பந்துப் போட்டிகளில் ஆடினார். போலீஸ் வந்து கற்றுக்கொடுத்த ஆட்டம் இல்லை அது, அந்த மணலில் ஊர் வளர்த்த ஆட்டம். அப்படிப்பட்ட ஊரில் காவலர் செய்யக்கூடியது, ஏற்கெனவே நடக்கும் ஆட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பது, பெண் பிள்ளைகளுக்கும் ஒரு மணி நேரம் மைதானம் கிடைக்கப் பேசுவது.

## உங்கள் ஊருக்கு வந்தால்

வந்தவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள், எந்தக் காவலர் வருவார்? அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் யார்? பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கும்? இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலான திட்டங்கள் விழுகின்றன. நல்ல மனிதர் ஒருவர் வருகிறார், தொடங்குகிறார், மாற்றல் உத்தரவு வந்ததும் பந்து மூலையில் கிடக்கிறது.

எங்கள் ஊரில் வந்தவரும் மாறிப் போனார். அவர் போகும்போது அலமாரிச் சாவியை நிலையத்தில் ஒப்படைக்கவில்லை. முதல் நாளே அதை "எவ்வளவு எழுதணும்" என்று கேட்ட பெரியவரிடம் கொடுத்திருந்தார். ஐந்தே காலுக்கு அவர் வந்து அலமாரியைத் திறக்கிறார். ஏழு மணிக்குப் பந்துகளை எண்ணி உள்ளே வைத்துப் பூட்டுகிறார்.